இந்துமதியின் கட்டடமும் மேற்கே எழுந்த மாடியும்

திருப்பூர் வீரபாண்டியில் எங்கள் வீதிக்கு வந்து இந்துமதி வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண் சொல்வதில்லை. "கரண்ட் விளையற ஊடுங்களா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கை நீட்டிக் காட்டுவார்கள். நான் அந்த வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறேன். அப்படிக் கை காட்டியவர்களில் நானும் ஒருத்தி.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கீழே தையல் யூனிட், அதன் மேலே குடியிருக்கும் வீடு, அதற்கும் மேலே மொட்டைமாடி நிறைய சோலார் பேனல். பேனல் போட்ட கம்பெனி திருப்பூரில் இப்போது எத்தனையோ இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டடத்துக்கு ஒரு வருடத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ, தையல் மெஷினிலிருந்து மேல் வீட்டு மிக்ஸி வரைக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து, அவ்வளவையும் அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. பகலில் மிஞ்சுவது தெருக் கம்பிக்குப் போகும். இரவிலும் மழை நாளிலும் அங்கிருந்து திரும்பி வரும். வருடக் கடைசியில் போனதும் வந்ததும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும். அரசாங்கம் கேட்கவில்லை, ஆர்டர் கொடுக்கும் கம்பெனியும் கேட்கவில்லை. இந்துமதி தனக்குத் தானே விதித்துக்கொண்டது அது.

ஏன் விதித்துக்கொண்டாள் என்பதற்கு அவள் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவள் அப்பா ஆத்தப்பன் பல்லடம் பக்கத்தில் தறி ஓட்டியவர். பத்தாவது முடித்த கையோடு இந்துமதி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று பீஸ் பீஸாகப் புரட்டிப் பார்க்கிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் காலியாகக் கிடக்கும் ஓவர்லாக் மெஷினில் கழிவுத் துணியை வைத்து ஓட்டிப் பார்த்துப் பார்த்தே டெய்லர் ஆகிவிட்டாள். அர்த்தநாரியைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவர் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது சொந்தமாக ஒரு டெம்போ வைத்து துணி ரோலும் பண்டலும் ஏற்றுகிறார். அதிகம் பேசாத மனிதர். ஆனால் பேச ஆரம்பித்தால் எதிராகத்தான் பேசுவார்.

மகள் தேஜஸ்ரீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயத்தில், ஒரு பழைய ஷெட்டை வாடகைக்குப் பிடித்து இந்துமதி நாலைந்து மெஷினோடு, கம்பெனிகள் தருகிற துணியைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் தொடங்கினாள். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை. திருப்பூரில் அப்போது வேலை பார்த்த யாருக்கும் அந்த நாட்கள் மறந்திருக்காது. எந்த வீதிக்குப் போனாலும் ஜெனரேட்டர் சத்தம். இந்துமதியும் பழைய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி ஷெட்டுக்குப் பின்னால் வைத்தாள். அங்கே அதற்கு வேறு இடம் கிடையாது.

ஒரு நாள் மத்தியானம் காற்று திசை மாறி அடித்தது. புகை முழுக்க ஷெட்டுக்குள் வந்தது. குழந்தைகள் லெக்கிங்ஸ் அன்று சாயந்திரமே போக வேண்டும் என்பதால் யாரும் எழுந்திருக்கவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தைத்தார்கள். அவர்களில் ஒருத்தி நிறைமாதத்தை நெருங்கியிருந்தவள். மெஷின் மேலேயே தலை சாய்ந்து விழுந்துவிட்டாள். அர்த்தநாரி அப்போது ஓட்டிக்கொண்டிருந்த வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்துமதி திரும்பி வந்ததும் ஜெனரேட்டரை நிறுத்தினாள், எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினாள். மறுநாளும் அதை ஓட்டவில்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். ஷெட்டை விட்டுவிட்டு இரண்டு வருடம் வேறொரு கம்பெனிக்கு டெய்லராகப் போனாள்.

அந்த வேலை போனது அவளுக்குப் பெரிய வருத்தமாக இல்லை. அன்றைக்குத் தலைக்குக் குளித்த பிறகும் கூந்தலில் டீசல் வாசம் இருந்ததைத்தான் பலமுறை சொல்லியிருக்கிறாள். மறுபடி யூனிட் வைத்தால் எதையும் எரிக்காமல் ஓடுகிற யூனிட்டாகத்தான் வைப்பேன் என்பாள். அது எப்படி என்று அவளுக்கு அப்போது தெரியாது.

வழி ஒரு சட்டை ஆர்டர் மூலமாக வந்தது. இந்துமதி மறுபடியும் ஷெட் பிடித்து வேலை செய்துகொண்டிருந்தாள். இந்த வீதியில் இடமும் வாங்கிப் போட்டிருந்தாள். ரோஸ்மேரி என்று ஒரு பெண், ஏதோ பயிற்சி முகாமுக்காகக் கொஞ்சம் டி-சர்ட் தைக்கக் கொடுத்திருந்தாள். வாங்க வந்த அன்று வேலை முடியவில்லை. ஷெட்டில் காத்திருந்தவள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே வெள்ளை அடித்தாலே இந்தச் சூடு பாதி குறையும் என்றாள். நீங்க என்ன வேலை பாக்கறீங்க என்று இந்துமதி கேட்டாள். கட்டட வரைபடம் போடுகிற வேலை. ஊர் நாகர்கோவில், ஆபீஸ் கோயமுத்தூரில். டி-சர்ட் முடிவதற்குள் இந்துமதி தன் இடத்தின் நீள அகலத்தைச் சொல்லி, அங்கே கட்டுகிற கட்டடம் தனக்கு வேண்டிய கரண்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட்டாள்.

"முடியும்க்கா," என்றாள் ரோஸ்மேரி. "ஆனா பேனலப் பத்தி கடைசியிலதான் பேசணும். மொதல்ல எவ்வளவு கம்மியாச் செலவழிக்கலாம்னு பாப்போம். உண்டாக்குறது அதுக்குப் பொறவு."

அப்படித்தான் நடந்தது. சுவருக்குள் காற்று நிற்கும்படி நடுவில் இடைவெளி விட்டுச் செங்கல் வைத்தார்கள். வடக்குப் பக்கம் உயரத்தில் நீள நீளமாக ஜன்னல். நேர் வெயில் விழாது, தைக்கிறவர்களுக்கு நாள் முழுக்க வெளிச்சம் இருக்கும். மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு. மெஷின்களில் சும்மா இருக்கும்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிற பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு, மிதியில் கால் வைத்தால் மட்டும் ஓடுகிற மோட்டார் மாட்டினார்கள். ஃபேன்களும் குறைவாக இழுக்கிற ரகம். அயர்ன் வேலை இங்கே கிடையாது; தைத்த பீஸ் கம்பெனிக்குப் போய்த்தான் தேய்க்கப்படும். அது இங்கேயே இருந்தால் இந்தக் கணக்கு நிற்காது என்பதை இந்துமதியே எல்லாரிடமும் சொல்வாள்.

அர்த்தநாரி வழி நெடுகிலும் எதிர்த்தார். ஊரில் எல்லாரும் கட்டுகிற மாதிரி கட்டினால் என்ன கெட்டுவிடும் என்றார். படுக்கும் அறைக்கு ஏசி வேண்டும் என்றார். கடைசியில் தேஜஸ்ரீ படிக்கிற அறைக்கு மட்டும் சின்னதாக ஒன்று என்று முடிவானது. ஆனால் செங்கல் வந்து இறங்கிய நாளிலிருந்து தினமும் போய் நின்று, இடைவெளிக்குள் கலவை விழாமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

வரைபடம் போடும்போதே ரோஸ்மேரி ஒன்று கேட்டாள். மேற்குப் பக்கத்து வீடு ஒற்றைத் தளமாக இருக்கிறது. நாளைக்கு அவர்கள் மாடி எடுத்தால் பின்னேர வெயில் மறையுமே என்றாள். அது கியாசுதீன் வீடு. திருப்பூர் ராயபுரத்தில் எலாஸ்டிக், லேபிள், நூல் எல்லாம் வைத்து வியாபாரம் செய்கிறவர். அவரும் மனைவி சைதுன்னிசாவும், மகன் வாசிமும் மட்டும். மூன்று பேருக்கு அந்த வீடே தாராளம். மாடி எடுக்கிற பேச்சு அப்போது அங்கே இல்லவே இல்லை. அதனால் இந்துமதி அதை மனதில் போட்டுக்கொள்ளவில்லை.

குடி வந்த முதல் வருடம் கட்டடம் சொன்னபடி நடந்துகொண்டது. போனதும் வந்ததும் சமமாகி, போனது சற்றுக் கூடவே இருந்தது. காலையில் மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பது போல இந்துமதி போனில் முந்தின நாள் எவ்வளவு விளைந்தது என்று பார்ப்பாள். பனியன் கம்பெனிக்காரர்கள் சிலர் காரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். அந்த வருடம் அவள் நடையே மாறியிருந்தது என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைதுன்னிசா வந்தாள். வாசிமுக்குப் பெண் பார்த்து முடிவாகிவிட்டது, பெண் பெயர் சாயிமா, உடுமலைக்காரி என்று சொன்னாள். இந்துமதிக்கு உண்மையாகவே சந்தோஷம். வாசிமை, இங்கே இடம் வாங்கிய நாளில் அவன் கல்லூரி போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்தே தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு எப்போது, எங்கே என்று விசாரித்தாள். சைதுன்னிசா அதே மகிழ்ச்சியில், கல்யாணத்துக்கு முன்னால் மேலே இரண்டு மாடி எடுக்கப் போகிறோம், முதல் மாடி அவர்களுக்கு, அதற்கு மேலே சொந்தபந்தம், ஒறம்பரை வந்தால் தங்க ஒரு அறையும் ஹாலும் என்றாள். இந்துமதி "நல்லதுங்கக்கா, நெம்ப நல்லது" என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், பாதியில்தான் அதன் அர்த்தம் புரிந்து நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

ரோஸ்மேரியிடம் போனில் கேட்டாள். மேற்கே இரண்டு மாடி எழுந்தால், பொழுது சாயத் தொடங்கியதிலிருந்தே பேனல்கள் மேல் நிழல் ஏறும். வருடத்தில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு போகும் என்றாள் ரோஸ்மேரி. இன்னொன்றும் சொன்னாள். அந்த நிழல் உங்கள் மேற்குச் சுவர் மேலும் விழும், உள்ளே சூடு குறையும், அது எவ்வளவு என்று ஒரு கோடை போனால்தான் சொல்ல முடியும். ஐந்தில் ஒரு பங்கு என்பதற்கு மேல் எதுவும் அன்றைக்கு இந்துமதியின் காதில் விழவில்லை.

அர்த்தநாரிக்கு வழி தெரிந்திருந்தது. பக்கத்தில் விட வேண்டிய இடத்தை அவர்கள் சரியாக விடுகிறார்களா என்று மாநகராட்சி ஆபீஸில் ஒரு மனுக் கொடுத்தால் போதும், வேலை தானாக நிற்கும் என்றார். அங்கே தெரிந்த ஆள் இருக்கிறார் என்றும் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மனைவி சாப்பிடாமல் எழுந்து போவதைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தப் பையன் கல்யாணத்துக்குக் கட்டற ஊடுங்க," என்றாள் இந்துமதி. "அதை நிறுத்திப் போட்டு நான் வெளக்கெரிச்சு என்ன பண்றது?"

அர்த்தநாரி அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லாமல் இருக்க இந்துமதியால் முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவளே கிளம்பிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

கியாசுதீன் கடையிலிருந்து வந்து வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாம்மிணி என்று கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எந்த அறை எங்கே என்று ஆசையாக விரலை வைத்துக் காட்டினார். அவள் முழுவதும் கேட்டாள். பிறகுதான் சொன்னாள்.

"அண்ணா, கட்ட வேண்டாம்னு சொல்ல வரலீங்க. கட்டோணும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. மாடி வந்தா எங்க பேனல் மேல நெழல் விழுகுமுங்க. எம்பட கணக்கு தப்பிப் போகும். அதைச் சொல்லாம இருந்தா நாளைக்கு உங்களைப் பாக்கறப்பெல்லாம் மனசுக்குள்ள வெச்சுட்டுப் பேசோணும். அது எனக்கு ஆகாதுங்க."

கியாசுதீன் வரைபடத்தைத் திருப்பி இந்துமதி வீட்டுப் பக்கத்தைப் பார்த்தார். அவருக்கு அது தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. மாடி எங்கே, ஜன்னல் எங்கே, செலவு எப்படி என்று எல்லாம் யோசித்தவர், நிழல் எங்கே போய் விழும் என்று யோசிக்கவில்லை.

"ஒரு மாடியோட நிறுத்திக்கட்டுமா, அம்மிணி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று தலையசைத்தாள். மாடிப்படி மேலே வந்து முடிகிற அறையும் தண்ணீர்த் தொட்டியும் வரைபடத்தில் தன் பக்கத்து மூலையில் இருப்பதைக் காட்டி, அதை மட்டும் அந்தப் பக்கம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டாள். அவை இரண்டும் மாடிக்கும் மேலே இன்னொரு ஆள் உயரம் எழும்பி நிற்கும்.

கியாசுதீன் தயங்கினார். குழாய் எல்லாம் இந்தப் பக்கமாக வருகிறது, மேஸ்திரியைக் கேட்க வேண்டும், படியை மாற்றினால் கீழே ஹாலும் மாறும் என்றார். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சைதுன்னிசா வெளியே வந்தாள்.

"மாறட்டுமே," என்றாள். "தொட்டி அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் துணி காயப் போட எடம் கெடைக்கும். காலை வெயிலு எனக்கும் வேணும்ல?"

கியாசுதீன் பென்சிலை எடுத்து, வரைபடத்தில் தொட்டியை அடித்துவிட்டு மறு மூலையில் போட்டார். படி மாறியதில் ஹால் கொஞ்சம் சுருங்கியது. வாசிம் முகம் சுளித்துவிட்டு, பிறகு அவனே ரோஸ்மேரியிடம் பேசி, சுருங்கிய ஹாலுக்கு வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு ஜன்னல் வைத்துக்கொண்டான்.

வேலை தொடங்கியது. சிமெண்ட் தூசி பேனல் மேல் படியும். இந்துமதி காலையில் மாடிக்குப் போய் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு வந்துதான் யூனிட்டைத் திறப்பாள். மறுநாள் மறுபடி படிந்திருக்கும். மாடி உயர உயர, பின்னேரத்தில் போனில் விளைச்சலைக் காட்டுகிற கோடு சீக்கிரமே இறங்கத் தொடங்கியது. அதைப் பார்ப்பதை விட்டுவிடு என்று நான் சொன்னேன். அவளால் முடியவில்லை. அந்த மாதங்களில் அவளுக்குச் சிரிப்பு குறைந்திருந்தது என்பது உண்மை. யூனிட்டில் யாராவது தேவையில்லாமல் விளக்கைப் போட்டால் சுருக்கென்று ஏதாவது சொல்லிவிடுவாள்; பிறகு அவளே போய்ச் சமாதானம் பேசுவாள்.

சுவர் பூச்சு முடிந்ததும் ரோஸ்மேரி ஒரு நாள் வந்தாள். கியாசுதீன் வீட்டின் புதுச் சுவர், இந்துமதி வீட்டைப் பார்த்து நிற்கிற முகம், சுத்த வெள்ளையாக இருந்தால் நல்லது என்றாள். காலை வெயில் அதில் பட்டுத் திரும்பி இந்துமதியின் மேற்கு ஜன்னல்கள் வழியாக உள்ளே வரும். சைதுன்னிசா வீடு முழுக்கப் பச்சை என்று முடிவு செய்து வைத்திருந்தாள். அவளிடம் இதை எப்படிக் கேட்பது என்று இந்துமதி இரண்டு நாள் யோசித்தாள். கேட்டபோது சைதுன்னிசா, அந்தச் சுவரைப் பார்க்கப் போவது நீதானே, உனக்குப் பிடித்த நிறத்தை அடித்துக்கொள் என்று முடித்துவிட்டாள்.

பேனல்களைத் தாங்கும் கம்பிச் சட்டத்தையும் ரோஸ்மேரி மாற்றினாள். முன்பு தரையோடு ஒட்டி இருந்ததை, வெல்டிங் வேலை செய்கிற குமரன் என்பவரை வைத்து, ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்கு எழுப்பினாள். நிழல் ஏறுவதற்கு அதனால் இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். மொட்டைமாடியும் பேனலுக்கு அடியில் குளிர்ச்சியாக இருக்கும். இதையெல்லாம் செய்தும் நிழலால் இழந்ததில் பாதியைத்தான் மீட்க முடியும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

வாசிம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வீதியே போய்ப் பிரியாணி சாப்பிட்டு வந்தோம். இந்துமதிக்காகச் சைதுன்னிசா தனியாகச் சைவப் பந்தி ஒன்று போட்டிருந்தாள். அர்த்தநாரி எந்தப் பந்தியில் உட்கார்ந்தார் என்பதை நான் சொல்லப் போவதில்லை.

பிறகு கோடை வந்தது.

யூனிட்டில் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு வரிசை மெஷின் உண்டு. முந்தின கோடையில் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே உட்கார யாரும் விரும்ப மாட்டார்கள். என்ன தடுப்பு இருந்தாலும் பின்னேர வெயில் நேராக அடித்துச் சுவர் கொதித்துவிடும். அதற்காகவே அங்கே ஒரு பெரிய ஏர் கூலர் வைத்திருந்தாள். அது இழுக்கிற கரண்டும் பெரிது. அந்த வரிசைக்குப் போகிறவர்களை முறை வைத்து மாற்றிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கோடையில் ஒரு நாள் மத்தியானம் அங்கே சின்னச் சண்டை. பீகாரிலிருந்து வந்து வேலை செய்கிற ஒரு பெண்ணும், உள்ளூர்க்காரி ஒருத்தியும் மேற்கு வரிசையின் கடைசி மெஷினுக்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள். முறைப்படி எழுந்து போக வேண்டியவள் எழுந்து போக மாட்டேன் என்கிறாள். இந்தியும் தமிழுமாகச் சத்தம். இந்துமதி சமாதானம் செய்யப் போனவள், இவர்கள் ஏன் அந்த இடத்துக்குச் சண்டை போடுகிறார்கள் என்று அப்போதுதான் யோசித்தாள். சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். சூடே இல்லை. கூலர் எங்கே என்று தேடினால், மூலையில் பிளாஸ்டிக் கவர் போட்டபடி அப்படியே நின்றுகொண்டிருந்தது. அந்த வருடம் அதை யாரும் வெளியே எடுக்கவே இல்லை. அவளும் அதைக் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் அன்றைக்கே கண்ணில் பட்டது. எதிர்ச் சுவரின் வெள்ளையில் பட்டு வருகிற வெளிச்சத்தில், அந்த வரிசைக்காரர்கள் மத்தியானம் வரைக்கும் விளக்கே போடுவதில்லை. அவர்களாகவே அணைத்து வைத்திருந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணுக்கு இதுதான் இதமாக இருக்கிறது என்றாள் அந்தப் பீகார்ப் பெண்.

மேலே வீட்டிலும் அப்படித்தான். தேஜஸ்ரீயின் அறை மேற்குப் பக்கம். போன வருடம் ஏசி இல்லாமல் ஒரு பக்கம் புரட்ட முடியாது என்றவள், இப்போது ஃபேனோடு படித்துக்கொண்டிருந்தாள். ரோஸ்மேரியைப் போனில் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னதும், நான் சொன்னேன்லக்கா, சுவரும் கணக்குல உண்டுன்னு என்றாள். எப்போது சொன்னாய் என்று இந்துமதி கேட்டாள். ரோஸ்மேரி அந்தப் பக்கம் சிரித்தாள்.

அதற்குப் பிறகு இந்துமதியின் பார்வை திரும்பியது. அதுவரை எவ்வளவு விளைகிறது என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள், எங்கே எவ்வளவு போகிறது என்று பார்க்கத் தொடங்கினாள். கூலரை விற்றாள். தண்ணீர் மோட்டாரை வெயில் நன்றாக இருக்கும்போது மட்டும் ஓட்டினாள். அர்த்தநாரி ஒரு நாள் தானாகவே வந்து, குளியலறை ஹீட்டரைக் கழற்றிவிடலாம், இந்த ஊர் வெயிலுக்கு வெந்நீர் எதற்கு என்றார். மார்கழியில் இதே வார்த்தையைச் சொல்வீர்களா என்று அவள் கேட்டாள். மார்கழியிலும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். குளியலறைக்குள்ளிருந்து வருகிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

அந்த வருடம் முடிந்தபோது கணக்குப் பார்த்தாள். விளைந்தது குறைவுதான், ரோஸ்மேரி சொன்ன அளவுக்கே குறைவு. ஆனால் செலவும் அதோடு போட்டி போட்டுக்கொண்டு குறைந்திருந்தது. போனதும் வந்ததும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரு துளி மட்டும் வந்தது அதிகம். அடுத்த வருடம் அந்தத் துளியும் இல்லை.

துளி இருந்த அந்த வருடமே அவள் மனம் ஆறிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அன்று சாயந்திரம் யூனிட்டைப் பூட்டிவிட்டு முதலில் அர்த்தநாரியிடம் சொன்னாள். அவர் டெம்போவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பரவாயில்லையே என்று மட்டும் சொல்லிவிட்டு, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனாள். கியாசுதீன் அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தார்.

"உங்க மாடி எங்களுக்குக் கெடுதல் பண்ணுலீங்கண்ணா," என்றாள். "சரியாப் போச்சுங்க."

அவர் நம்பவில்லை. தன் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறாள் என்றே நினைத்தார். அவள் கையோடு அவரையும் சைதுன்னிசாவையும் கூட்டிக்கொண்டு வந்து, யூனிட்டைத் திறந்து, மேற்குச் சுவரில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். கியாசுதீன் உள்ளங்கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று மெதுவாகச் சொன்னார்.

இப்போது அவர் வீட்டு மேல் தளத்திலும் பேனல் இருக்கிறது. போன வருடம் ரோஸ்மேரியை வரவழைத்துப் போட்டுக்கொண்டார். அவர் வீட்டுக்கு அடுத்த வீடு இன்னும் மாடி எடுக்கவில்லை. எங்கள் வீதியில் மேலும் இரண்டு பேர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு ஒட்டிவிட்டேன்.

போன வாரம் இந்துமதியைப் பார்க்கப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் மாடியில் பேனலுக்கு அடியில் நிழலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உயரமாக எழுப்பியதால் அங்கே நல்ல காற்று. பக்கத்து வீட்டு மேல் மாடியில் வாசிமின் மனைவி சாயிமா இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தைக்கு ஆட்கள் கூட்டமாகச் சாப்பிடுவதைப் பார்க்கப் பிடிக்குமாம். காட்டினால்தான் அதுவும் வாய் திறக்கிறதாம். டெய்லர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தட்டிலிருந்து ஒரு பிடியை உயர்த்திக் காட்ட, சாயிமா ஒருவரைக் காட்டி ஒரு வாய், இன்னொருவரைக் காட்டி ஒரு வாய் என்று ஊட்டிக்கொண்டிருந்தாள். இந்துமதி சாப்பிட்ட கையோடு எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போய், "கண்ணு, இங்க பாரு" என்று கூப்பிட்டாள்.